நெஞ்சு பெருத்த கோழி: பொறுப்பு யாருடையது?

வழக்கொன்று தள்ளுபடியாகிவிட்டது என்பதனால் அவ்வழக்கை எழுப்பிய குறையும் தள்ளுபடியாகிவிட்டது என்று எண்ணுவது, நீதிமன்றத்தின் வேலையை அறியாதவர் செய்யும் தவறாகும். 2024 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் லண்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தகைய வழக்கொன்றைத் தள்ளியது. வழக்காடியது விலங்குகளின் நலத்துக்காக உழைக்கும் ஒரு சங்கம். எதிர்வழக்காடியவர் உணவுக்கும் விவசாயத்துக்கும் பொறுப்பான மந்திரி. வழக்கின் பொருள், இறைச்சிக்காக வளர்க்கப்படும் கோழி.

இங்கிலாந்தில் 2007 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விதிகளிலே ஒரு பிரிவு உண்டு. ஒரு பிராணியின் பரம்பரை இயல்பையோ உடலமைப்பையோ கொண்டு நோக்குமிடத்து, அதன் சுகத்துக்கும் நலத்துக்கும் கேடு நேராது என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடியதாயின் மட்டுமே அதனைப் பண்ணையில் வைத்திருக்கலாம் என்பது அப்பிரிவின் சாரம். வேகமாக வளரும் இறைச்சிக் கோழி தன் பிறப்பினாலேயே நோய்க்கு ஆளாகின்றது. ஆகவே அதனை வளர்க்க இடங்கொடுக்கும் அரசாங்கத்தின் போக்கு சட்டத்துக்கு மாறானது என்று சங்கம் வாதாடியது. 2023 இல் உயர் நீதிமன்றமும், மறு ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வழக்கை ஏற்கவில்லை. மந்திரியின் கொள்கை சட்டத்துக்கு முரணானதா என்பதே நீதிபதிகளின் முன் நின்ற வினா. கோழி நலமாக வாழ்கின்றதா என்று தீர்ப்புச் சொல்வது அவர்களுக்கு இடப்பட்ட பணியன்று. அந்த வினா இன்னும் உயிரோடிருக்கின்றது. அதனைத்தான் இன்று எமது வாசகர் முன் வைக்கின்றோம்.

கோழிக்கும் ஒரு வழக்கா என்று நகைப்போர் இருப்பர். தமிழனின் தலைக்கு மேல் ஆயிரம் துன்பங்கள் தொங்கும்போது கோழியின் நெஞ்சைப் பற்றிப் பேசுவதா என்று சினப்போரும் இருப்பர். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. இந்தக் கோழியை எமது கமக்காரர் வளர்க்கின்றனர். எமது வீடுகளில் பிள்ளைகள் உண்கின்றனர். அதற்கு மேலாக, முடிவெடுப்பவன் ஒருவன், அம்முடிவின் நட்டத்தைச் சுமப்பவன் வேறொருவன் என்னும் அநீதியை இந்தக் கோழியின் கதையில் காண்பதுபோல் தெளிவாக வேறெங்கும் காண்பது அரிது. அவ்வநீதி எமக்குப் புதியதன்று.

முதலில் உண்மைகளை வரிசைப்படுத்துவோம். கனடாவிலே அல்பேர்ட்டா சர்வகலாசாலையில் 1957 ஆம் ஆண்டுக் கோழியினமும் 1978 ஆம் ஆண்டுக் கோழியினமும் மேற்கொண்டு தெரிவு செய்யப்படாமல் அப்படியே பேணப்பட்டு வந்தன. அவ்விரண்டையும், 2005 இல் சந்தையிலிருந்த ரொஸ் 308 என்னும் இனத்தையும் ஆராய்ச்சியாளர் ஒரே தீன் கொடுத்து ஒன்றாக வளர்த்தனர். அந்த ஆராய்ச்சி 2014 இல் வெளியாயிற்று. ஐம்பத்தாறாம் நாளில் 1957 ஆம் ஆண்டுக் கோழியின் எடை 905 கிராம். 1978 ஆம் ஆண்டுக் கோழி 1,808 கிராம். 2005 ஆம் ஆண்டுக் கோழி 4,202 கிராம். தீனும் ஒன்று, நாளும் ஒன்று. எடை மட்டும் நான்கு மடங்குக்கு மேல்.

புறொயிலர் கோழிக்கு ஏதோ ஊசி ஏற்றுகின்றார்கள், ஓமோன் கொடுக்கின்றார்கள் என்று எமது சந்தைகளிலும் கல்யாண வீடுகளிலும் பேசப்படுவதை நாம் கேட்டிருக்கின்றோம். அது உண்மையன்று. ஒரே தீனைத் தின்ற மூன்று கோழிகளுக்குள் இத்தகைய வேற்றுமை இருக்குமாயின் அதன் காரணம் தீன் தொட்டியிலும் இல்லை, ஊசிக்குழாயிலும் இல்லை. கோழியின் பிறப்பிலேயே இருக்கின்றது. தலைமுறை தலைமுறையாக, விரைந்து வளர்ந்த சேவலையும் நெஞ்சு பருத்த பேட்டையும் தேர்ந்தெடுத்துச் சேர்த்ததன் பயனே இது. பொய்யான குற்றச்சாட்டு மெய்யான குற்றத்தை மறைத்துவிடும். ஆதலால் ஊசிக் கதையை நாம் கைவிட வேண்டும்.

இந்தத் தெரிவு தானாக நிகழ்ந்ததன்று. 1946 முதல் 1948 வரை அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்ற பெயரில் ஒரு போட்டி நடைபெற்றது. பெரிய கடைக் கம்பெனி ஒன்று பரிசளித்தது. விவசாயப் பகுதி ஆதரவளித்தது. மெழுகிலே ஓர் இலட்சியக் கோழியின் உருவைச் செய்து, அதற்கு அண்மையில் வரும் கோழி எவருடையது என்று பார்த்தார்கள். அகன்ற நெஞ்சும் பருத்த தொடையும் விரைந்த வளர்ச்சியும் அப்போட்டியின் அளவுகோல்கள். கோழி எப்படி நடக்கும், எப்படி மூச்சுவிடும் என்பன அந்த மெழுகுக் கோழிக்குத் தேவைப்படாத கேள்விகள். அன்று வென்ற இனங்களின் வழி வந்தவையே பின்னர் உலகின் கோழிப் பண்ணைகளை நிரப்பின.

இனி அந்த நெஞ்சுக்குள் நடப்பதைப் பார்ப்போம். கோழிக்குஞ்சு முட்டையை விட்டு வெளிவரும்போதே அதன் தசை நார்களின் எண்ணிக்கை பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றது. அதன்பின் தசை பெருப்பதென்றால் உள்ள நார்களே தடிப்பதுதான். நார் தடிக்கத் தடிக்க, அதனைச் சூழ்ந்து ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதற்கு ஈடுகொடுக்க மாட்டா. ஒட்சிசன் போதியளவு செல்லாது; கழிவுகள் போதியளவு வெளியேறா. நார் சிதைகின்றது. சிதைந்ததைத் திருத்துவதற்கென்று தசையோடு கூடப் பிறந்த கலங்கள் உண்டு. ஆனால் அவை வளர்ச்சியின் வேகத்துக்கும் சிதைவின் வேகத்துக்கும் ஒருங்கே உழைத்துக் களைத்துவிடுகின்றன. அவை விட்ட இடத்தைக் கொழுப்பும் கடினமான நாரிழையமும் பிடித்துக்கொள்கின்றன. நெற்பயிர் அழிந்த வயலில் கோரை படர்வது போன்றது இது.

இவ்வாறு கல்லுப்போல் இறுகிய நெஞ்சிறைச்சியை ஆங்கிலேயர் 'மர நெஞ்சு' என்று அழைக்கின்றனர். பின்லாந்தின் ஹெல்சிங்கி சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் 2014 இல் இதனை நோயியல் முறையில் விரித்து எழுதினர். கோழி மூன்று வாரக் குஞ்சாக இருக்கும் அளவிலேயே இது தொடங்கக் காணலாம். நார்களின் போக்கிலே வெள்ளைக் கொழுப்புக் கோடுகள் ஓடுவது மற்றொரு குறை. நார்கள் ஒன்றையொன்று பற்றாமல் இடியப்பம்போல் பிரிந்து போவது இன்னொரு குறை.

இவற்றுக்கு முன்னரே அறியப்பட்ட பழைய நோயொன்றும் உண்டு. சிறகை மேலே உயர்த்தும் உள் நெஞ்சுத் தசை, ஒருபுறம் எலும்பும் மறுபுறம் இழுபடாத சவ்வுமாக இறுக்கமான உறைக்குள் கிடக்கின்றது. கோழி அஞ்சிச் சிறகடிக்கும்போது அத்தசைக்குள் இரத்தம் பாய்ந்து வீங்கும். வீங்குவதற்கு இடமில்லாதபடி அது ஏற்கனவே பருத்திருப்பதனால், உள்ளழுத்தம் இரத்த ஓட்டத்தையே அடைத்துவிடும். தசை உயிருள்ள கோழிக்குள்ளேயே மடிந்து, காலம் செல்லப் பச்சை நிறம் பெறும். 1968 இல் அமெரிக்காவின் ஒறிகன் மாகாணத்து வான்கோழிகளில் இது முதலில் விவரிக்கப்பட்டது. பின்னர் இறைச்சிக் கோழியிலும் காணப்பட்டது. அறுத்துப் பிளக்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது.

இத்தகைய இறைச்சியை உண்பவருக்கு நோய் வருமென்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நேர்மையன்று. ஆனால் கொழுப்பு கூடிப் புரதம் குறைந்த, நீரைப் பிடித்து வைக்க மாட்டாத, பல்லுக்கு அடங்காத இறைச்சி அது. வாங்குபவர் கொடுக்கும் பணத்துக்கு உரிய பொருள் அதுவாகாது.

நெஞ்சு மட்டுமா? உடலின் வேகத்துக்கு இருதயமும் நுரையீரலும் ஈடுகொடாமையால் வயிற்றில் நீர் கட்டி இறக்கும் கோழிகள் உண்டு. நன்றாக நின்ற கோழி நொடியில் சிறகடித்து மல்லாந்து விழுந்து இறப்பதை வளர்ப்போர் அனைவரும் அறிவர். எலும்பு முற்றுமுன் எடை ஏறுவதனால் கால்கள் வளைகின்றன. பிரித்தானியாவில் பிரிஸ்டல் சர்வகலாசாலையினர் 176 மந்தைகளைச் சேர்ந்த 51,000 கோழிகளின் நடையைச் சோதித்து 2008 இல் முடிவுகளை வெளியிட்டனர். சராசரி நாற்பதாம் நாளில் நூற்றுக்கு 27.6 கோழிகள் செம்மையாக நடக்க மாட்டாதவை, 3.3 கோழிகள் ஏறக்குறைய நடக்கவே மாட்டாதவை. கோழிக்கு நோவு தெரியுமோ என்று கேட்போருக்கு, 2000 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி விடை தருகின்றது. நோ நீக்கும் மருந்து கலந்த தீனும் கலவாத தீனும் அருகருகே வைக்கப்பட்டன. நொண்டிக் கோழிகள் நல்ல கோழிகளைக் காட்டிலும் மருந்துத் தீனை அதிகமாகத் தேடித் தின்றன. நொண்டல் கூடக் கூட அவை தின்ற மருந்தும் கூடிற்று. சாட்சிக் கூண்டில் ஏறிப் பேச மாட்டாத பிராணி இதனிலும் தெளிவாகச் சாட்சியம் சொல்ல முடியாது.

இக்குஞ்சுகளின் தாய் தந்தையரின் நிலை இன்னும் விசித்திரமானது. அவற்றுக்கும் இதே பசி, இதே வளர்ச்சி. ஆனால் அவை முட்டையிடும் வயதுவரை வாழ வேண்டும். விருப்பம்போல் தின்னவிட்டால் அவை கொழுத்து நோயுற்று இறந்துவிடும். ஆகவே வளரும் பருவத்தில், அவை தாமாகத் தின்னக்கூடிய அளவில் காற்பங்கு தொடக்கம் அரைப்பங்கு வரையே கொடுக்கப்படுகின்றது. தின்னக் கொடுத்தால் சாவு, கொடாவிட்டால் பசி என்னும் பொறிக்குள் ஓர் உயிரைப் பிறப்பித்தது மனிதனின் கெட்டித்தனம். இப்பசியைக் குறித்து 2004 இல் அதே லண்டன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுந்த வழக்கும் தோற்றது.

எதிர்வாதங்களை நாம் மறைக்கப் போவதில்லை. முதலாவது வாதம் வயிற்றைப் பற்றியது. ஒரு காலத்தில் விருந்தாளி வந்தால் மட்டும் அறுக்கப்பட்ட கோழி இன்று கூலித் தொழிலாளியின் வீட்டிலும் சமைக்கப்படுகின்றது. அல்பேர்ட்டா ஆராய்ச்சியின்படி, எடை கூடுவதற்குத் தேவையான தீன் 1957 இலிருந்து 2005 க்குள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இது பெரும் பேறு. இதனை அற்பமென்று சொல்பவன் பசியறியாதவன். ஆனால் மலிவு என்பது ஒரு பங்கு விலையை வேறெவரோ கொடுப்பதாகவும் இருக்கலாம். இங்கே அந்தப் பங்கைக் கோழி தன் காலாலும் நெஞ்சாலும் கொடுக்கின்றது. வளர்ப்பவன் இறந்த கோழியாலும் கழிக்கப்பட்ட இறைச்சியாலும் கொடுக்கின்றான். 905 கிராமுக்குத் திரும்பிப் போங்கள் என்று எவரும் கேட்கவில்லை. 4,202 கிராமுக்கும் அதற்கும் இடையே எங்காவது ஓரிடத்தில் நின்றிருக்கலாகாதா என்பதே கேள்வி.

இரண்டாவது வாதம், குறை வளர்ப்பு முறையில் இருக்கின்றதேயன்றி இனத்தில் இல்லை என்பது. இதில் ஒரு பகுதி உண்மை. மர நெஞ்சு தாய் தந்தையிடமிருந்து நேராக வரும் பங்கு சிறிது என்றும், சூழலின் பங்கு பெரிது என்றும் இனவிருத்திக் கம்பெனி ஆராய்ச்சியாளரே எழுதியுள்ளனர். ஆயினும் கனடாவின் குவெல்ப் சர்வகலாசாலையினர் பதினாறு இனங்களை ஒரே முறையில் வளர்த்து ஒப்பிட்டபோது, வேகமாக வளர்ந்த இனங்களிலேயே நடைக் குறையும் பாதப் புண்ணும் நெஞ்சுத் தசைக் கேடும் கூடுதலாகக் கண்டனர். சூழல் ஒன்றாயிருக்க விளைவு வேறாயின், வேற்றுமையின் வேர் இனத்தில் இல்லாமல் எங்கே இருக்கும்? வைக்கோற் போருக்கு நெருப்பு வைத்தவன் காற்றைக் குற்றஞ் சாட்டலாம். காற்றும் காரணமே. ஆனால் போரை அத்தனை உயரத்துக்கு அடுக்கியவனை விட்டுவிட முடியாது.

இங்கேதான் சட்டத்தின் குறைபாடு வெளிப்படுகின்றது. முன்சொன்ன இங்கிலாந்து விதி, பிராணியை 'வைத்திருப்பவனை'ப் பிடிக்கின்றது. அதனைப் படைத்தவனை அது நேராகத் தொடுவதில்லை. எமது நாட்டில் 1907 இல் இயற்றப்பட்ட விலங்குகள் கொடுமைத் தடுப்புக் கட்டளைச் சட்டமோ, அடித்தல், வதைத்தல் போன்ற கண்ணெதிர்ச் செயல்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. கொடுமையைக் கைத்தடியால் செய்தவனைச் சட்டம் அறியும். பரம்பரையால் செய்தவனை அது அறியாது.

அந்தப் படைப்பாளர் எத்தனை பேர்? உலகின் இறைச்சிக் கோழி இனங்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டு குழுமங்களின் கையில் உள்ளன. ரொஸ், ஆர்பர் ஏக்கர்ஸ், இந்தியன் ரிவர் என்னும் பெயர்களும், 2018 முதல் ஹபார்ட் என்னும் பெயரும் ஜேர்மன் குழுமமொன்றின் உடைமையான ஏவியாஜனைச் சார்ந்தவை. கொப் என்பது அமெரிக்க இறைச்சிக் கம்பெனியான டைசனின் உடைமை. இலங்கையில் வளரும் இறைச்சிக் கோழியும் இத்தகைய வெளிநாட்டு இனங்களின் வழித்தோன்றலே. நான்கு வழிகளைக் கலந்து பெறப்படும் குஞ்சாகையால், அதனை அடைவைத்து அதே குணமுள்ள குஞ்சைப் பெற இயலாது. எமது பாட்டன் அடுத்த போகத்துக்கான விதைநெல்லைத் தன் வீட்டிலேயே காத்து வைத்திருந்தான். ஊர்க்கோழி வளர்த்த பாட்டி நல்ல பேட்டைத் தானே தெரிந்து அடைவைத்தாள். இன்றைய கோழி வளர்ப்பவனுக்கு அந்தத் தெரிவு இல்லை. ஒப்பந்த முறையில் வளர்ப்பவனுக்குக் குஞ்சும் தீனும் வெளியிலிருந்து வருகின்றன. இன்ன நாளில் இன்ன எடை என்ற கணக்கும் வெளியிலிருந்தே வருகின்றது. கொட்டிலும் உழைப்பும் கடனும் மாத்திரம் அவனுடையவை. தெரிவு செய்யும் அதிகாரம் எவனிடம் உண்டோ அவனையே பொறுப்பும் தொடரவேண்டும். இது நியாயத்தின் முதற்பாடம்.

மாற்றம் முடியாததொன்றன்று என்பதற்கு அயல்நாடுகள் சான்று. பிரான்சிலே 1960 களில் தொடங்கிய 'சிவப்பு முத்திரை' முறையில், மெதுவாக வளரும் கோழி குறைந்தது 81 நாட்கள் வளர்க்கப்பட வேண்டும். நெதர்லாந்தில் கடைக்காரரும் வளர்ப்போரும் 2013 இல் ஓர் உடன்படிக்கைக்கு வந்தனர். அதற்கும் அவர்கள் இட்ட பெயர் 'நாளைய கோழி' என்பதே! வணிகப் போட்டியைக் காக்கும் அந்நாட்டு அதிகாரசபை, கூட்டாகச் செய்யும் அவ்வுடன்படிக்கை போட்டிச் சட்டத்துக்கு மாறானதென்று 2015 இல் தடை சொல்லியது. ஆயினும் மக்களின் கோரிக்கை ஓயவில்லை. பேரங்காடிகள் ஒவ்வொன்றாகத் தாமே மாறி, 2023 ஆம் ஆண்டின் இறுதியளவில் புதுக் கோழியிறைச்சியை மெதுவாக வளரும் இனங்களிலிருந்தே விற்கும் நிலைக்கு வந்தன. சட்டம் தயங்கிய இடத்தில் மக்களின் பிடிவாதம் வழி திறந்தது. இவ்வகைக் கோழிக்குத் தீனும் நாளும் கூடுதலாக வேண்டும், விலையும் ஏறும். அந்த ஏற்றம் வளர்ப்பவன் தலையில் மட்டும் விழாதபடி பார்ப்பதே அரசியல்.

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவதாக, தாய்க் கோழிகளையும் இனவிருத்திக் கோழிகளையும் இறக்குமதி செய்ய அனுமதி கொடுக்கும்போது, அவ்வினத்தின் நடைக் குறை, இருதயச் சாவு, தசைக் கேடு ஆகியவற்றின் விபரங்களை விற்பவர் கையொப்பமிட்டு வெளியிடவேண்டும் என்று சட்டம் விதிக்க வேண்டும். நெல் விதைக்கு முளைதிறன் கேட்கும் நாம் கோழிக்கு நடைதிறன் கேட்பது அதிகமாகாது. இரண்டாவதாக, இறைச்சிக் கூடங்களில் காணப்படும் மர நெஞ்சும் பச்சைத் தசையும் கணக்கிடப்பட்டு வளர்த்தவனுக்கு அறிவிக்கப்பட வேண்டும். இனத்தின் குறையால் வந்த கழிவை அவனுடைய கூலியில் வெட்டும் ஒப்பந்த வாசகம் செல்லாததாக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, நடுத்தர வேகத்தில் வளரும் இனங்களை எமது வெப்பத்திலும் எமது தீனிலும் சோதித்து, வேண்டுவோருக்குக் குஞ்சு கிடைக்கச் செய்வதை அரசாங்கம் தன் கடமையாக ஏற்க வேண்டும்.

சட்டம் வரும்வரை கையைக் கட்டியிருக்க வேண்டியதில்லை. முதல் வாரங்களில் வளர்ச்சியைச் சற்றே தணிப்பதும், இரவில் போதிய இருளும் ஓய்வும் கொடுப்பதும், கொட்டிலில் காற்றோட்டம் காப்பதும் இருதயச் சாவையும் கால் நோயையும் குறைக்கும். கோழிகளைத் துரத்தி வெருட்டாமலும், சிறகைப் பிடித்துத் தூக்காமலும் இருந்தால் பச்சைத் தசை குறையும். எமது கமக்காரர் கூடிப் பேசி, குஞ்சு விற்பவரிடம் விலையோடு இனத்தின் பெயரையும் குணத்தையும் கேட்கத் தொடங்கட்டும். கற்ற வகுப்பார், வாங்கும் இறைச்சி எத்தனை நாட்கோழி என்று கடைக்காரரைக் கேட்கட்டும். கேட்பாரற்ற பொருளுக்குத்தான் கேள்வியற்ற அதிகாரம் வாய்க்கின்றது.

மெழுகிலே ஒரு கோழியைச் செய்து, உயிருள்ள கோழியை அதற்குள் அடக்கப் பார்த்தார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின் அந்த உயிர் தன் சொந்த நெஞ்சின் பாரத்தைத் தாங்க மாட்டாமல் உட்கார்ந்துவிட்டது. அதனை எழுந்து நடக்கச் செய்வது ஆராய்ச்சியாளரால் முடியும்; இனவிருத்தி செய்வோராலும் முடியும். அவர்களை அதற்கு உடன்படச் செய்வது மக்களின் கடமை. அக்கடமையை எமது கமக்காரரும் கற்றோரும் ஒன்றுகூடி ஏற்பார்கள் என்று நாம் நம்புகின்றோம்.